தேவர் சபையில் ஒருவர்

சினாய் பாலைவனத்தின் வடகிழக்கில், பழைய வணிகப் பாதை ஒன்றின் ஓரத்தில், குன்திலத் அஜ்ருத் என்ற சிறு குன்று இருக்கிறது. 1975, 76ஆம் ஆண்டுகளில் டெல் அவிவ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸேவ் மெஷெல் அங்கே அகழாய்வு நடத்தினார். கிடைத்தவற்றுள் முக்கியமானவை உடைந்துபோன இரண்டு பெரிய மண்சாடிகள். கி.மு. 800ஐ ஒட்டிய காலத்தவை. அவற்றின் மேல் மையால் கிறுக்கலாக வரைந்திருக்கிறார்கள்: கன்றுக்குப் பால் கொடுக்கும் பசு, ஒரு மரம், அதன் இருபக்கமும் தாவி நிற்கும் வரையாடுகள், உட்கார்ந்து யாழ் மீட்டும் ஓர் உருவம், எகிப்தியக் குள்ளத் தெய்வமான பெஸ்ஸைப் போல இரண்டு உருவங்கள். படங்களின் மேலும் பக்கத்திலும் எபிரேய எழுத்துகள். அவை வாழ்த்துரைகள். ஒன்று சமாரியாவின் யாவேயின் பெயராலும் அவருடைய அசேராவின் பெயராலும் ஆசி கூறுகிறது. இன்னொன்றில் தேமானின் யாவே வருகிறார். அங்கும் அவருடன் அசேரா.

யாவே என்பது தமிழ் விவிலியத்தின் பழைய மொழிபெயர்ப்பில் யெகோவா என்றும் கர்த்தர் என்றும் வரும் இஸ்ரவேலின் கடவுள். தமக்கு முன் வேறு தேவர்கள் இருக்கக்கூடாது என்று சீனாய் மலையில் கட்டளையிட்டவர். அசேரா கானான் நாட்டுத் தாய்த்தெய்வம். அந்தப் பழைய மொழிபெயர்ப்பில் அவள் பெயரைத் தேடினால் பல இடங்களில் ‘விக்கிரகத்தோப்பு’தான் கிடைக்கும். இந்த இருவரையும் சேர்த்து எழுதியவரிடம் கலகக்காரரின் தொனியே இல்லை. வழியில் தங்கிய ஒருவர் அன்றாடம் சொல்லும் ஆசி அது. இந்தச் சாதாரணத் தன்மைதான் என்னைத் திரும்பத் திரும்ப அந்தச் சாடிகளிடம் இழுக்கிறது.

அந்த அசேரா தேவியா, வழிபாட்டிடத்தில் நட்ட மரக்கம்பமா என்று அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். எபிரேயத்தில் ஆட்பெயரோடு ‘அவருடைய’ என்ற விகுதி சேர்வது வழக்கமில்லை என்பதால் கம்பம்தான் என்கிறது ஒரு தரப்பு. கம்பம் என்றே வைத்துக்கொள்வோம். அது யாருடைய கம்பம்? சூலம் நட்ட இடத்தில் தெய்வம் இல்லை என்று யாரும் சொல்வதில்லை. மேலும் இது ஒற்றைச் சான்றும் அல்ல. எபிரோனுக்கு அருகே கிர்பெத் அல்-கோம் என்ற இடத்தில் 1967இல் வில்லியம் டீவர் பதிவுசெய்த கல்லறைப் பொறிப்பு ஒன்று உண்டு. கி.மு. 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கீழே ஒரு கையின் உருவமும் செதுக்கப்பட்டிருக்கிறது. உரியாகு என்பவருக்காக எழுதப்பட்ட அந்த வரிகளிலும் யாவேயும் அவருடைய அசேராவும் வருகிறார்கள். ஒன்று தெற்குப் பாலைவனத்து வழித்தங்கல். மற்றது யூதேயாவின் குடும்பக் கல்லறை. இரண்டிலும் ஒரே வாய்பாடு.

மனிதர் முதலில் பல தெய்வங்களை வணங்கிப் பிறகு ஒரே கடவுளிடம் வந்தார்களா, ஒரே கடவுளில் தொடங்கிப் பிறகு சிதறினார்களா? ஐரோப்பியச் சிந்தனையில் இது பழைய வழக்கு. 1757இல் டேவிட் ஹ்யூம் முதல் பக்கம் நின்றார். 20ஆம் நூற்றாண்டில் வில்ஹெல்ம் ஷ்மிட் என்ற பாதிரியார் இரண்டாம் பக்கம் நின்று, ஆதி மனிதரிடம் இருந்தது ஒரே கடவுள் நம்பிக்கையே என்று நிறுவப் பன்னிரண்டு தொகுதிகள் எழுதினார். யூத, கிறித்தவ, இஸ்லாமிய மரபுகள் சொல்லும் வரலாறும் ஏறக்குறைய இரண்டாவதுதான்: ஆதாமுக்கும் ஆபிரகாமுக்கும் உண்மை தெரிந்திருந்தது, மக்கள் வழிதவறினார்கள், தீர்க்கதரிசிகள் திருப்பி அழைத்தார்கள். மனித குலம் முழுமைக்கும் விடை சொல்ல நம்மிடம் சான்று கிடையாது. ஆனால் ஒரே ஓர் இடத்தில், பண்டைய இஸ்ரவேலில், மண்ணுக்கடியிலிருந்து வந்த பொருள்களையும் கையில் இருக்கும் நூலையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிகிறது. அங்கே தெரிவது இது: ஒரே கடவுள் அங்கே தொடக்கப் புள்ளி அல்ல, பல நூற்றாண்டு வழக்கின் முடிவு. அந்த வழக்கின் ஆவணங்களில் பெரும்பகுதியை நமக்காகப் பாதுகாத்து வைத்தவர்களும் அதில் வென்ற தரப்பினரே.

சிரியாவின் கடற்கரையில் ராஸ் ஷம்ரா என்ற மேட்டில் 1929இல் குளோத் ஷேஃபர் அகழத் தொடங்கினார். முந்தைய ஆண்டு பக்கத்தில் ஓர் உழவர் கல்லறை ஒன்றைத் தற்செயலாகக் கண்டதுதான் காரணம். புதைந்திருந்தது உகாரித் நகரம்; கி.மு. 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழிந்தது. அங்கே கிடைத்த களிமண் பலகைகளில் முப்பது குறிகள் கொண்ட ஆப்பெழுத்து அகரவரிசை இருந்தது. ஓராண்டுக்குள் அதைப் படித்துவிட்டார்கள், ஏனென்றால் மொழி எபிரேயத்துக்கு நெருங்கிய உறவு. அதுவரை கானானியத் தெய்வங்களைப் பற்றி அவர்களின் எதிரிகள் சொன்னதைத்தான் உலகம் பெரிதும் அறிந்திருந்தது. இப்போது அவர்களே பேசினார்கள்.

அந்தப் பலகைகளில் எல் என்ற முதிய தெய்வம் தேவர் சபைக்குத் தலைவர். கருணையுள்ளவர், நரைத்த தாடிக்காரர், கூடாரத்தில் வசிப்பவர். அவர் துணைவி அதிரத், எபிரேயத்தில் அசேரா. அவளுக்கு எழுபது பிள்ளைகள். இளைய தலைமுறையின் வீரர் பாகால், மேகத்தின் மேல் ஏறி வருபவர், இடியும் மழையும் அவருடையவை. அவர் கடலை வெல்கிறார். லோதான் என்ற நெளியும் பாம்பைக் கொல்கிறார். ஏசாயா நூலின் 27ஆம் அதிகாரத்தில் யாவே தண்டிக்கப்போகும் லிவியாதான் இந்த லோதானேதான்; பாம்புக்கான அடைமொழிகள்கூட மாறவில்லை. சங்கீதங்களில் யாவேயும் மேகத்தின் மேல் வருகிறார், லிவியாதானின் தலைகளை நொறுக்குகிறார். பாகாலின் வேலைகள் ஒவ்வொன்றாக யாவேயின் கைக்கு வந்திருக்கின்றன.

எல்லின் கதை வேறு. அவரோடு யாவேக்குப் பகையே இல்லை. விவிலியம் எங்கும் எல் தெய்வத்தைப் பழிப்பதில்லை. அந்தப் பெயரையே கடவுளுக்கு வைத்துக்கொள்கிறது. இஸ்ரவேல் என்ற பெயருக்குள் இருப்பவர் எல்தான், யாவே அல்லர். கி.மு. 1208ஐ ஒட்டி எகிப்திய மன்னன் மெர்னெப்தா வெட்டிய கல்லில் அந்தப் பெயர் முதன்முறையாக வருகிறது. யாத்திராகமத்தின் 6ஆம் அதிகாரத்தில் கடவுளே மோசேயிடம், உன் முன்னோருக்கு எல் ஷத்தாய் என்று தோன்றினேன், யாவே என்ற பெயரால் அவர்கள் என்னை அறியவில்லை என்ற பொருளில் சொல்கிறார். இரண்டு பெயர்கள், இரண்டு மரபுகள், ஒரு கட்டத்தில் ஒன்றாகின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான ஒப்புதலை எதிர்பார்க்க முடியாது.

யாவே எங்கிருந்து வந்தார்? தெற்கிலிருந்து என்று விவிலியத்தின் மிகப் பழைய பாடல்களே சொல்கின்றன: சேயீரிலிருந்து, ஏதோமின் வெளியிலிருந்து, பாரான் மலையிலிருந்து, தேமானிலிருந்து. மோசேக்கு அவர் தோன்றியது மீதியானில். மோசேயின் மாமனார் அங்கே ஆசாரியர். இன்றைய சூடானில், சோலேப் என்ற இடத்தில், கி.மு. 14ஆம் நூற்றாண்டில் மூன்றாம் அமென்ஹோதெப் கட்டிய கோவிலில், ஷாசு என்ற நாடோடிகளின் நிலங்களைப் பட்டியலிடும்போது ‘யஹ்வ்’ என்ற இடப்பெயர் வருகிறது. அது கடவுளின் பெயர்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனாலும் பாடல்கள் காட்டும் திசையோடு பொருந்துகிறது.

இப்படித் தெற்கிலிருந்து வந்த ஒருவர் எல்லின் குடும்பத்தில் எந்த இடத்தில் சேர்ந்தார்? உபாகமம் 32ஆம் அதிகாரத்தில் உள்ள மோசேயின் பாடல் இதற்கு ஒரு தடயம் வைத்திருக்கிறது. உன்னதமானவர் உலகத்து இனங்களைப் பங்கிட்டபோது எல்லைகளை ஓர் எண்ணிக்கைப்படி வகுத்தார் என்கிறது பாடல். யாருடைய எண்ணிக்கை? வழக்கத்திலுள்ள எபிரேயப் பாடத்தில் இஸ்ரவேல் புத்திரருடைய எண்ணிக்கை. இனங்கள் பிரிந்தபோது இஸ்ரவேல் பிறக்கவே இல்லையே என்று படிப்பவர்கள் பல காலம் திகைத்தார்கள். கிரேக்க மொழிபெயர்ப்பில் அதே இடத்தில் தேவதூதர்கள் இருந்தார்கள். 1947இல் தொடங்கிச் சாக்கடலோரக் குகைகளில் கிடைத்த சுருள்களுள் ஒரு துண்டில் இந்த வரி தப்பியிருந்தது. அதில் இருப்பது ‘தேவ புத்திரர்’. எல்லின் பிள்ளைகள் எழுபது; ஆதியாகமம் 10ஆம் அதிகாரம் கணக்கிடும் இனங்களும் எழுபது. ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு தெய்வம். பங்கு பிரித்தபோது யாக்கோபின் மக்கள் யாவேயின் பாகத்துக்கு வந்தார்கள். உன்னதமானவரும் யாவேயும் ஒருவரே என்று பின்னாளில் படித்தார்கள். ஆனால் அந்த வரிகளை முன்முடிவு இல்லாமல் படித்தால், பங்கு பிரிப்பவர் ஒருவர், பங்கு பெறுபவர் இன்னொருவர் என்றே தோன்றும். ஏதோ ஒரு நகலாளரின் கை அங்கே ஒரு சொல்லை மாற்றியிருக்கிறது. மாற்ற வேண்டும் என்று அவருக்குப் பட்டதே நமக்குப் பெரிய செய்தி.

82ஆம் சங்கீதத்தில் தேவர் சபையை யாரும் அழிக்கவில்லை. கடவுள் தேவர்களின் சபையில் எழுந்து நிற்கிறார். ஏழைக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் நியாயம் செய்யத் தவறிவிட்டதாக மற்றத் தேவர்கள்மேல் குற்றம் சாட்டுகிறார். மனிதரைப் போலச் செத்துப்போவீர்கள் என்று தீர்ப்பும் சொல்கிறார். எட்டே வசனங்கள். பல தெய்வங்கள் என்ற உலகத்துக்குள் நின்றுகொண்டே அந்த உலகத்தை முடித்துவைக்கும் இப்படியொரு பாட்டு வேறெங்கும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. அதில் தேவர்கள் பதவி இழப்பது வலிமைக் குறைவால் அல்ல, அநீதியால். ஒரே கடவுள் நம்பிக்கை எண்ணிக்கையைக் குறைத்த கணக்கு மட்டும் அல்ல என்பதை இந்தப் பாட்டை வைத்துத்தான் நான் புரிந்துகொண்டேன்.

பாகாலோடு நடந்த சண்டையும் வெளியே தெரிவதுபோல எளியதல்ல. சவுல் மன்னன் ஒரு மகனுக்கு யோனத்தான் என்று பெயர் வைத்தான். அதற்குள் யாவே இருக்கிறார். இன்னொரு மகன் எஸ்பால், அதற்குள் பாகால். ஒரே தகப்பன். பாகால் என்றால் எசமான். யாவேயையே அப்படி அழைக்கும் வழக்கம் அக்காலத்தில் இருந்திருக்கும். பின்னாளில் சாமுவேலின் நூலைத் தொகுத்தவர்களுக்கு அந்தப் பெயர் கூசியது. பாகாலை எடுத்துவிட்டு, வெட்கம் என்று பொருள்படும் ‘போசேத்’தைப் போட்டார்கள்; எஸ்பால் இஸ்போசேத் ஆனான். நாளாகமம் மட்டும் பழைய பெயரையே வைத்திருக்கிறது. கிர்பெத் கெயாஃபாவில் 2012இல் கிடைத்த ஒரு சாடியில், கி.மு. 1000ஐ ஒட்டிய எழுத்தில், எஸ்பால் என்ற பெயர் கொண்ட வேறொருவர் இருக்கிறார். அந்தப் பெயர் அன்று வாழ்ந்த பெயர். பாகால் வழிபாட்டுக்காக விவிலியம் மிகவும் தூற்றும் ஆகாப் மன்னன்கூடத் தன் பிள்ளைகளுக்கு அகசியா, யோராம் என்று யாவேயின் பெயர்களையே வைத்தான்.

பக்கத்து நாட்டைப் பார்த்தால் இது இன்னும் விளங்கும். யோர்தானின் தீபானில் 1868இல் வெளியுலகுக்குத் தெரியவந்து இன்று லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கும் மேசாவின் கல் கி.மு. 840ஐ ஒட்டியது. மோவாபின் மன்னன் பேசுகிறான்: காமோஸ் தெய்வம் தன் நாட்டின்மேல் கோபம் கொண்டதால் இஸ்ரவேல் எங்களை ஒடுக்கியது, பின்பு காமோஸ் மனமிரங்கினார், நேபோ ஊரைப் பிடித்து யாவேயின் பொருள்களைக் காமோஸின் முன்னால் இழுத்துவந்தேன் என்று. காமோஸ் என்ற பெயரை எடுத்துவிட்டு யாவேயை வைத்தால் ராஜாக்களின் நூலில் ஒரு பக்கம் தயார். நியாயாதிபதிகளின் நூலில் இஸ்ரவேலின் தலைவன் யெப்தா எதிரியிடம், உன் தேவனாகிய காமோஸ் உனக்குக் கொடுத்ததை நீ வைத்துக்கொள், எங்கள் தேவன் கொடுத்ததை நாங்கள் வைத்துக்கொள்கிறோம் என்கிறான். சீரியாவின் படைத்தலைவன் நாகமான் குஷ்டம் குணமான பிறகு, தன் ஊரில் யாவேயை வணங்குவதற்காக இரண்டு கோவேறு கழுதைச் சுமை மண் கேட்கிறான். கடவுள் மண்ணோடு சேர்ந்தவர்.

அரசரும் ஆசாரியரும் எழுதியதற்கு வெளியே வீடுகள் இருந்தன. கி.மு. 8, 7ஆம் நூற்றாண்டு யூதாவின் வீட்டு இடிபாடுகளில், எருசலேமிலேயே ஏராளமாக, மார்பைக் கைகளால் தாங்கி நிற்கும் பெண்ணின் சிறு சுடுமண் உருவங்கள் கிடைக்கின்றன. அவை அசேராதானா, தாய்ப்பாலுக்காகவும் சுகப்பிரசவத்துக்காகவும் வேண்டிக்கொண்ட நேர்ச்சையா என்று தீர்ப்பாகவில்லை. நெகேவில் ஆராத் கோட்டைக்குள்ளே யூதா அரசின் கோவில் ஒன்றே இருந்தது. எருசலேமைத் தவிர வேறெங்கும் பலி கூடாது என்ற சட்டம் அங்கே தெரியவில்லை. அதன் கருவறை வாசலில் வெவ்வேறு அளவில் இரண்டு சுண்ணாம்புக்கல் தூபபீடங்கள். 2020இல் வெளியான ஆய்வு அவற்றின் மேல் ஒட்டியிருந்த கரியைச் சோதித்தது. பெரியதில் சாம்பிராணி வகையான குந்துருக்கமும் விலங்குக் கொழுப்பும். சிறியதில் கஞ்சாவும் சாணமும். இரண்டு பீடங்கள் இரண்டு தெய்வங்களுக்கு என்று சொல்ல ஆசை வரும். பீடம் மட்டும் அதைச் சொல்லாது.

பெண்கள் வாய் திறந்து பேசும் ஓர் இடம் உண்டு. தீர்க்கதரிசி எரேமியாவின் நூலில் 7ஆம் அதிகாரத்தில் எருசலேம் தெருக்களின் காட்சி வருகிறது: பிள்ளைகள் விறகு பொறுக்குகிறார்கள், தகப்பன்மார் நெருப்பு மூட்டுகிறார்கள், பெண்கள் மாவு பிசைந்து வானராக்கினிக்குப் பணியாரம் சுடுகிறார்கள். குடும்பமே சேர்ந்து செய்யும் பூசை. 44ஆம் அதிகாரத்தில் எருசலேம் விழுந்துவிட்டது. தப்பியவர்கள் எகிப்தில் இருக்கிறார்கள். வானராக்கினியை வணங்கியதால்தான் இந்த அழிவு என்கிறார் எரேமியா. அவர்கள் ஒப்பவில்லை. அவளுக்குத் தூபமும் பானபலியும் கொடுத்த காலத்தில் வயிறார உண்டோம், நன்றாக இருந்தோம். நிறுத்தினோம், அன்றிலிருந்து பட்டயமும் பஞ்சமும் என்கிறார்கள். எங்கள் கணவன்மாருக்குத் தெரியாமலா செய்தோம் என்று பெண்கள் கேட்கிறார்கள். ஒரே பேரழிவு, இரண்டு விளக்கங்கள். கையிலிருந்த சான்றை வைத்து எது சரி என்று அன்று யாராலும் சொல்லியிருக்க முடியாது. அந்தப் பெண்களின் பதிலை அழிக்காமல் எழுதிவைத்த கையை நான் மதிக்கிறேன். தோற்ற தரப்பின் வாதத்தை இவ்வளவு நியாயமாகப் பதிந்த புனித நூல்கள் அரிது.

அவர்கள் நிறுத்தினோம் என்றது பெரும்பாலும் யோசியா மன்னன் காலத்துச் சீர்திருத்தத்தையே. கி.மு. 622இல் எருசலேம் கோவிலில் ஒரு நியாயப்பிரமாணச் சுருள் கிடைத்தது என்று சொல்லி அவன் தொடங்கினான். ராஜாக்களின் இரண்டாம் நூல், 23ஆம் அதிகாரம் அவன் அகற்றியவற்றைப் பட்டியலிடுகிறது. அசேராவின் உருவம் கோவிலுக்குள்ளிருந்து எடுக்கப்பட்டு, கீதரோன் ஓடையில் எரிக்கப்பட்டு, பொடியாக்கப்பட்டு, எளிய மக்களின் கல்லறைகள்மேல் தூவப்பட்டது. கோவில் வளாகத்தில் பெண்கள் அவளுக்கு ஆடை நெய்த அறைகள் இடிக்கப்பட்டன. சூரியனுக்காக நிறுத்தியிருந்த குதிரைகள் அகற்றப்பட்டன. அதற்கு முன்பே எசேக்கியா மன்னன், மோசே செய்ததாகவே நம்பப்பட்ட வெண்கலப் பாம்பை உடைத்திருந்தான். மக்கள் அதற்குத் தூபம் காட்டி வந்தார்கள். இவை வெளியிலிருந்து திருட்டுத்தனமாகப் புகுந்தவையாகத் தெரியவில்லை. யாவேயின் வீட்டில் அவை குடியிருந்தன.

அந்தச் சுருள் உபாகமத்தின் ஒரு வடிவம் என்று பெரும்பாலோர் கருதுகிறார்கள். அதன் மொழியில் ஒரு வியப்பு உண்டு. அசீரியப் பேரரசன் எசர்ஹத்தோன் கி.மு. 672இல் சிற்றரசர்களிடம் வாங்கிய விசுவாசச் சத்தியத்தின் பலகைகள் கிடைத்திருக்கின்றன; 2009இல் துருக்கியின் தெல் தயினாத்தில் ஒரு கோவில் தரையிலேயே ஒரு படி கிடைத்தது. வேறு அரசனை நாடாதே, உன் சகோதரனோ மகனோ துரோகம் பேசினாலும் மறைக்காதே, மீறினால் இன்னின்ன சாபம் என்று அது நீள்கிறது. உபாகமத்தின் 13, 28ஆம் அதிகாரங்கள் இதே வரிசையில் நடக்கின்றன, அரசனின் இடத்தில் கடவுளை வைத்து. பேரரசு கேட்ட முழு விசுவாசத்தை ஒரு சிறிய நாடு பேரரசனுக்குத் தராமல் தன் கடவுளுக்குத் தந்தது. வேறு தெய்வம் கூடாது என்ற கண்டிப்பு எங்கிருந்து உரம் பெற்றது என்பதற்கு நான் கண்ட விளக்கங்களில் இதுவே வலுவானது.

ஆனால் வேறு தெய்வத்தை வணங்காதே என்பதும் வேறு தெய்வமே இல்லை என்பதும் ஒன்றல்ல. இரண்டாவதைச் சொல்லத் தோல்வி தேவைப்பட்டது. கி.மு. 586இல் பாபிலோன் எருசலேமை எரித்தது. பழைய கணக்கின்படி இது யாவேயைப் பாபிலோனின் தெய்வமான மர்தூக் வென்றதாக ஆகியிருக்க வேண்டும். நாடுகடத்தப்பட்டவர்களிடையே எழுந்த விடை நேர்மாறானது: பாபிலோனை ஏவியவரே யாவேதான். சொந்த மக்களைத் தண்டிக்க அந்நியப் பேரரசைக் கருவியாக்கும் கடவுள், அந்தப் பேரரசுக்கும் கடவுளாகத்தானே இருக்க முடியும்? ஏசாயா நூலின் 40 முதல் 55 வரையிலான அதிகாரங்களை எழுதிய பெயர் தெரியாத தீர்க்கதரிசியிடம்தான், தம்மைத் தவிர வேறு தெய்வம் இல்லை என்ற அறிவிப்பு திரும்பத் திரும்ப, ஐயத்துக்கு இடமின்றி வருகிறது. பாரசீக மன்னன் கோரேசுவை யாவே கைப்பிடித்து நடத்துகிறார் என்கிறார் அவர். பாபிலோனில் 1879இல் கிடைத்த களிமண் உருளையோ அதே கோரேசுவைத் தேர்ந்து கைப்பிடித்தவர் மர்தூக் என்கிறது. வென்றவனைச் சொந்தம் கொண்டாடிய இரண்டு கடவுளருள் ஒருவருக்குக் கோவிலும் நகரமும் இருந்தன. மற்றவருக்கு அகதிகள் மட்டுமே. எஞ்சியது பின்னவரின் வழிபாடு.

அப்போதும் எல்லா யூதரும் அந்த வரியில் வந்துவிடவில்லை. நைல் நதியில் அஸ்வானுக்கு எதிரே எலிஃபன்டைன் தீவில் பாரசீகரிடம் படைவீரராக இருந்த யூதர்களின் பாப்பிரஸ் ஆவணங்கள் நிறையக் கிடைத்திருக்கின்றன. அவர்களுக்கு அங்கே யாகுவுக்கு, அதாவது யாவேக்கு, சொந்தக் கோவில் இருந்தது. கி.மு. 410இல் க்னூம் தெய்வத்தின் பூசாரிகள் தூண்டி அது இடிக்கப்பட்டபோது, எருசலேமின் பிரதான ஆசாரியருக்கே உதவி கேட்டு எழுதினார்கள். தவறு செய்கிறோம் என்ற நினைப்பு இருந்தவர்கள் அப்படி எழுதமாட்டார்கள். பதில் வரவில்லை. கி.மு. 400 வாக்கில் எழுதப்பட்ட நன்கொடைப் பட்டியல் ஒன்றில் ஆளுக்கு இரண்டு சேக்கல் கொடுத்த ஆண் பெண் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. தலைப்பில் யாகு மட்டும்தான். கடைசியில் கணக்கைப் பிரிக்கும்போது யாகுவுக்கு 12 கர்ஷ் 6 சேக்கல், எஷெம்பெத்தேலுக்கு 7 கர்ஷ், அனாத்பெத்தேலுக்கு 12 கர்ஷ். அனாத் உகாரித்தில் பாகாலின் சகோதரி. தேவிக்கும் கடவுளுக்கும் ஏறக்குறைய சமபங்கு. எழுதிய கணக்கருக்கு அதில் விளக்கம் சொல்ல எதுவும் இருக்கவில்லை.

எதிர்வாதம் வலுவற்றது அல்ல. எகெஸ்கேல் காஃப்மன் என்ற யூத அறிஞர் இஸ்ரவேலின் ஒரே கடவுள் நம்பிக்கை தொடக்கத்திலேயே முழுமையாக எழுந்தது, பக்கத்து நாட்டுப் புராணங்களின் உயிர் அதில் இல்லை என்று வாழ்நாள் முழுக்க வாதிட்டார். ஆய்வாளர் ஜெஃப்ரி டிகே 1986இல் எபிரேயப் பொறிப்புகளிலுள்ள ஆட்பெயர்களை எண்ணினார்: யாவேயின் பெயர் கலந்தவை 557, பிற தெய்வங்களின் பெயர் கலந்தவை 35. பல தெய்வ வழிபாடு தீர்க்கதரிசிகள் சொல்லுமளவு பரவியிருந்தால் பெயர்களில் ஏன் தெரியவில்லை என்பது நல்ல கேள்வி. பிள்ளைக்கு வைக்கும் பெயர் நாட்டுத் தெய்வத்தைக் காட்டும், அடுப்படித் தெய்வத்தைக் காட்டாமலும் போகலாம் என்பது என் பதில். ஆனாலும் அந்த எண்கள் ஒன்றை மறுக்க முடியாதபடி சொல்கின்றன: தீர்க்கதரிசிகள் பேசிய காலத்திலேயே யாவே மற்ற எவரையும்விட மேலே இருந்தார். ஆய்வாளர் மார்க் ஸ்மித்தின் நூல்கள் வற்புறுத்துவதும் இந்த இரட்டைப் போக்கைத்தான்: சில தெய்வங்கள் யாவேக்குள் கலந்தன, சில வெளியே தள்ளப்பட்டன.

மற்ற இடங்களைச் சுருக்கமாகவே சொல்லலாம். எகிப்தில் அக்நாதென் கி.மு. 14ஆம் நூற்றாண்டில் ஆதென் என்ற சூரியவட்டை மட்டும் வைத்துக்கொண்டு பழைய தெய்வமான ஆமூனின் பெயரைக் கல்வெட்டுகளிலிருந்து செதுக்கி எடுத்தான். அவனுக்குப் பிறகு அது நிலைக்கவில்லை. மோசேயை அவனோடு இணைத்து 1939இல் ஃபிராய்ட் எழுதிய நூலுக்கு வரலாற்றுச் சான்று கிடையாது. ஈரானில் ஜரதுஷ்டிரர் அஹுர மஸ்தாவை மட்டும் உயர்த்தினார்; பின்னாளைய அவெஸ்தாப் பாடல்களில் மித்ரனும் அனாஹிதாவும் வழிபாட்டுக்குரியவர்களாகத் திரும்பி வந்தார்கள்.

அரேபியா அப்படிக் கடந்துபோகும் இடம் அல்ல. ஏமனின் ஹிம்யர் அரசர்கள் கி.பி. 380ஐ ஒட்டி, மாரிபின் பெருந்தெய்வமான அல்மகா முதலிய பழைய தெய்வங்களைக் கல்வெட்டுகளில் குறிப்பிடுவதை நிறுத்திவிட்டு, வானத்தின் தலைவரான ரஹ்மானான் ஒருவரையே அழைக்கத் தொடங்கினார்கள். முகம்மது நபிக்கு இரு நூற்றாண்டுகளுக்கு முன்பே அந்த மண்ணில் இது நடந்தது. குர்ஆனின் 53ஆம் அத்தியாயம் லாத், உஸ்ஸா, மனாத் என்ற பெண்தெய்வங்கள் மூவரையும் பெயர் சொல்லி மறுக்கிறது. இதில் லாத்துக்குச் சிரியாவின் பல்மைராவில் கோவில் இருந்தது. அதன் வாசலில் நின்ற பெரிய கற்சிங்கத்தை 2015இல் தீவிரவாதிகள் சிதைத்தார்கள், பின்னர் அது சீரமைக்கப்பட்டது. குர்ஆனே இன்னொன்றும் சொல்கிறது: வானத்தையும் பூமியையும் படைத்தது யார் என்று மக்காவின் மறுப்பாளர்களைக் கேட்டால் அல்லாஹ் என்றே சொல்வார்கள், மற்றவற்றைத் தங்களை அவனிடம் நெருக்கமாக்கும் என்று நம்பியே வணங்கினார்கள். அப்படியானால் வாதம் ஒரு கடவுளா பல கடவுளா என்பதைவிட, ஒருவருக்கும் மனிதருக்கும் நடுவே வேறு யாராவது நிற்கலாமா என்பதே. ஹாட்டிங் முதலான ஆய்வாளர்கள் அந்த மறுப்பாளர்களை ஏறக்குறைய ஒரே கடவுள் நம்பிக்கையாளர்களாகவே பார்க்கிறார்கள். காபாவைச் சுற்றுவதும் சஃபா, மர்வா குன்றுகளிடையே நடப்பதும் இஸ்லாத்துக்கு முன்பிருந்தே வந்தவை என்பதை முஸ்லிம் மரபு மறைப்பதில்லை. அவை ஆபிரகாம் தொடங்கியவை, இடையில் சிலைகள் சேர்ந்தன, நபி தூய்மைப்படுத்தினார் என்பது அதன் விளக்கம். அந்த இரு குன்றுகளுக்கிடையே நடப்பதில் குற்றமில்லை என்று குர்ஆன் தனியாகச் சொல்லவேண்டியிருந்தது. அங்கே முன்பு சிலைகள் இருந்ததால் சிலர் தயங்கினார்கள் என்று உரையாசிரியர்கள் காரணம் காட்டுகிறார்கள். இடமும் நடையும் நின்றன, பொருள் மாறியது.

தள்ளப்பட்ட தெய்வங்கள் எங்கே போயின? உபாகமத்தில் இனங்களுக்கு ஒவ்வொருவராகப் பிரிக்கப்பட்ட தேவ புத்திரர்கள், கி.மு. 2ஆம் நூற்றாண்டில் இன்றைய வடிவம் பெற்ற தானியேலின் நூலில், பாரசீகத்தின் அதிபதி, கிரேக்கத்தின் அதிபதி என்று வானுலக அதிகாரிகளாக நிற்கிறார்கள், இஸ்ரவேலுக்கு மிகாவேல். எல்லின் சபை யோபுவின் முதல் அதிகாரத்தில் கடவுளின் அரசவையாகி, சாத்தானும் அதில் ஒரு பணியாளனாக வந்து நிற்கிறான். நீதிமொழிகள் 8இல் படைப்புக்கு முன்பே கடவுளின் பக்கத்தில் இருந்து மகிழ்ந்ததாகப் பேசும் ஞானம் என்ற பெண்ணிடம் அசேராவின் சாயலைக் காண்பவர்கள் உண்டு; உறுதி செய்ய முடியாவிட்டாலும் அந்த வாசிப்பு எனக்கு நியாயமாகவே படுகிறது. பெலிஸ்தரின் எக்ரோன் ஊரில் பாகால்சேபூப் என்ற தெய்வம் இருந்தது. கீழே விழுந்து அடிபட்ட அகசியா மன்னன், பிழைப்பேனா என்று அங்கே ஆளனுப்பிக் கேட்டான். தீர்க்கதரிசி எலியா அந்த ஆட்களை வழியில் மறித்துக் கண்டித்தார். எண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் கழிந்து, சுவிசேஷங்களில், ஏசு யாருடைய வல்லமையால் பேய்களை ஓட்டுகிறார் என்ற வாக்குவாதம் எழுகிறது. அங்கே அதே பெயர் பெயல்செபூல் என்று, பிசாசுகளின் தலைவனுக்குரியதாக வருகிறது.